முப்பத்தொன்றாம் படியில் நிற்கும் யானைக்கன்று

ஒரு கதையின் கடைசி வரிக்குப் பன்னிரண்டாயிரம் கழஞ்சுப் பொன் என்று தாமே விலை வைத்து, அப்பொன்னை ஒரு கழுதைச் சுமையாக எண்ணித் தந்து, பேரம் பேசாமல் வாங்கி வருக என்று பணித்தருளியவரும், செங்கடம்ப நாட்டின் ஏழு ஆறுகளுக்கும் நான்கு துறைகளுக்கும் உரியவரும், வேழமாடத்து அரியணையில் வீற்றிருப்பவருமாகிய பரிதிவேள் இளங்கடம்பனார் திருமுன்பு, அவர்தம் சுங்கநாயகனும் மிளகுவாணிகன் பொதியன் மகனுமாகிய சேந்தன், உவர்முனை உப்பளத்திலிருந்து தாழ்ந்து வணங்கி எழுதிக்கொண்ட ஓலை.

வேழமாடத்து விளக்குகளில் எண்ணெய் குறையாதிருக்க. ஏழு ஆறுகளும் தத்தம் கரைக்குள் ஓடுக. எல்லைக் காவலர் உறங்காதிருக்க; எல்லைக்குள் உள்ளோர் அச்சமின்றி உறங்குக. எல்லாவற்றுக்கும் மேலாக, இளவரசி தத்தையார் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நடக்க. இக்கடைசி வாழ்த்து ஓலை மரபில் இல்லாதது என்பதை அறிவேன். இந்த ஓலைக்கே காரணம் அதுதான் என்பதால் சேர்த்தேன்.

எழுத்தரை வைத்து எழுதாமல் அடியேனே எழுதுகிறேன். மிளகு அளந்து பழகிய கை இது. எழுத்தாணி இதற்குப் புதிது. வரி கோணினால் பொறுத்தருள்க. எழுத்தரை ஏன் விலக்கினேன் என்பது பின்னால் விளங்கும்.

வந்த வேலையை முதலில் கூறுவது முறை. உவர்முனையில் பிறந்து நம் நாட்டுக்கு அரசியான அலர்மணித் தேவியார், நோயில் கிடந்த நாட்களில், ஆறு வயது மகளுக்கு நாள்தோறும் நண்பகலில் ஒரு கதை சொல்லி வந்தார். யானைக்கன்று ஒன்று ஒரு நாள் நண்பகலில் தன் நிழலைத் தொலைத்துவிடுகிறது. தொலைந்த நிழல்கள் எல்லாம் கடலுக்கு அடியில் சேர்கின்றன என்று கேள்விப்பட்டு, நாற்பது படிகள் கொண்ட இருட்டுப் படிக்கட்டில் இறங்கிப் போகிறது. படிக்கு ஒரு நண்டு வழிமறித்து எதையாவது கேட்கும், கொடுத்தால்தான் வழி. கன்று தன் காலடி ஓசையைக் கொடுத்தது. உடம்பில் பூசியிருந்த சேற்றைக் கொடுத்தது. மழையின் மேல் இருந்த பயத்தைக் கொடுத்தது. தாய் கூப்பிடும் செல்லப் பெயரையும் கொடுத்தது. ஒரு நாளைக்கு ஒரு படி என்று தேவியார் சொல்லி வந்தார். முப்பத்தொன்றாம் படியைச் சொன்ன மறுநாள் விடியுமுன் மறைந்தார்.

அன்று முதல் நான்கு திங்களாக இளவரசியார் பேசவில்லை. அரண்மனையின் உட்படிக்கட்டில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறார். சோர்ந்து விழுகிறார், எழுந்து மறுபடியும் தூக்குகிறார். நின்றபடியே இரண்டு கவளம் உண்கிறார்; மூன்றாவதற்கு வாய் திறப்பதில்லை. மருத்துவர்கள் இதை வாதம் என்று கூறி அந்தக் காலுக்கு மட்டும் எட்டு வகைத் தைலம் தேய்த்தனர். மழைக்காலம் வரை இப்படியே போனால் உடல் தாங்காது என்றும் மெல்லச் சொன்னார்கள். அடியேன் புறப்பட்ட அன்று பார்த்தேன். நிற்கும் கால் வீங்கியிருந்தது. தூக்கிய கால் மெலிந்திருந்தது.

கதையின் முடிவு தெரியாமல் குழந்தை ஏங்குகிறது, முடிவை வாங்கி வந்தால் தீரும் என்பது தேவரீரின் துணிபு. நம் இரு மடத்தாரும் அதை ஒப்புக்கொண்டனர். ஆனால் முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் ஒப்பவில்லை. யானைக்கன்று உயிர், நிழல் அதில் ஒட்டிய அழுக்கு, ஆகவே நிழல் தொலைந்தது பெரும்பேறு, கன்று இறுதியில் நிழலின்றிப் பேரொளியில் கலக்க வேண்டும் என்று ஒளிநெறி மடத்துத் தலைவர் எழுநூறு செய்யுளில் உரை செய்தார். யானைக்கன்று என்று ஒன்று கிடையாது, நிழல் மட்டுமே இருந்தது, அதுவும் இல்லாமற்போனது, நாற்பதாம் படிக்கு அப்பால் ஒன்றுமே இருக்கக் கூடாது என்று வெளிநெறி மடத்துத் தலைவர் தொள்ளாயிரம் செய்யுளில் மறுத்தார். இருவர் உரையையும் சுமக்க நேர்ந்தால் அந்தக் கன்று முதற்படியிலேயே படுத்திருக்கும். இளவரசியாரின் ஒற்றைக் கால் நிலையையும் அவர்கள் விடவில்லை. ஒருவர் அதை முற்பிறவித் தவம் என்றார். மற்றவர், நிற்பது யார் என்று கேட்டார்.

எந்த மடத்தின் உரைக்கு முடிவு பொருந்துகிறதோ அந்த மடமே இளவரசியாருக்கு ஆசானாகும் என்று தேவரீர் வாக்களித்துவிட்டதால், அடியேன் புறப்படுவதற்கு முதல்நாள் இருவரும் தனித்தனியே என் வீட்டுக்கு ஆள் அனுப்பினர். ஒளிநெறியார் ஒரு சந்தனப் பேழை அனுப்பினார். எல்லாம் வெறுமை என்று சொல்லும் அடிகள் அனுப்பிய பை மட்டும் வெறுமையாக இல்லை. இரண்டும் என் வீட்டில் திறக்கப்படாமல் இருக்கின்றன. கேட்ட சரக்கைக் கொடுக்க முடியுமா என்று தெரியாமல் முன்பணம் வாங்குவது எங்கள் குலத்தில் இல்லை.

உவர்முனையைத் தேவரீர் கண்டதில்லை. திருமணத்தின்போது தேவியாரே வேழமாடத்துக்கு வந்தார். இங்கே மரம் இல்லை. தரையெல்லாம் வெள்ளை, வானமும் வெளுத்தே கிடக்கும். இரண்டுக்கும் இடையில் மனிதர்கள் கரும்புள்ளிகளாகத் தெரிவார்கள். கூப்பிட்டால் குரல் போய்ச் சேருமுன் காற்று எடுத்துக்கொள்ளும். வேழமாடத்தில் ஆயிரம் பேர் நடுவில் இருந்தபோது தெரியாத ஒன்று இங்கே முதல் நாளே தெரிந்துவிட்டது: அடியேனுக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இல்லை. கழுதையிடம் சிலவற்றைச் சொன்னேன். அது நல்ல கழுதைதான்.

தேவியாரோடு சிறுவயதில் உப்பு வாரியவள் ஒருத்தி இங்கே இருக்கிறாள். பெயர் செம்பாயி. உப்பில் நின்று நின்று குதிகால் பிளந்தவள்; நாக்கு மட்டும் பிளவில்லாமல் நேராக வெட்டும். கதையை முழுவதும் அறிந்தவள் அவள்தான் என்றார்கள். பேரம் பேசாதே என்று தேவரீர் பணித்திருந்தும், பிறந்த இடத்துப் பழக்கம் விடாமல் நூறு கழஞ்சில் தொடங்கினேன். அவள் உப்பு வாருவதை நிறுத்தாமலேயே, முடிவை மட்டும் கேட்கிறீரே, மீன்காரியிடம் போனால் வாலை மட்டும்தான் வாங்குவீரோ என்று கேட்டாள். மூன்று நாட்களில் பன்னிரண்டாயிரம் வரை ஏறினேன். அவள் ஒரு கழஞ்சும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. விலையே சொல்லாதவளிடம் பேரம் பேசுவது, அடியேன் பிறந்த கடைத்தெருவில் யாருக்கும் வராத சோதனை. கடைசியில், வேண்டுமானால் நண்பகலில் பந்தலுக்கு வந்து பிள்ளைகளோடு படுத்துக் கேளும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இந்நாட்டு வழக்கம் ஒன்றைத் தேவரீர் இங்கே அறிதல் வேண்டும். உச்சிவெயிலில் உப்பின் மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கும். ஆகையால் அந்நேரம் வேலையை விட்டு எல்லாரும் ஓலைப் பந்தலுக்குள் வருவார்கள். பிள்ளைகள் ஈரத்துணியைக் கண்ணின் மேல் போட்டுப் படுப்பார்கள். கதை சொல்பவளும் கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். யார் விழித்திருக்கிறார்கள், யார் உறங்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எனவே ஒவ்வொரு படி முடிவிலும், கன்று காலைத் தூக்கிற்று, வைக்கலாமா என்று சொல்பவள் கேட்பாள். கேட்பவர்கள் உம் என்பார்கள். உம் வந்தால் கால் இறங்கும். வராவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். ஒருவர் உம் சொல்லாவிட்டாலும் நிற்கும்.

அடியேன் இதை அறியாமல் போய்ப் படுத்தேன். அன்று அவர்கள் பன்னிரண்டாம் படியில் இருந்தார்கள். செம்பாயி சொல்லி முடித்து, வைக்கலாமா என்றாள். ஏழு பிள்ளைகளும் உம் என்றார்கள். அவள் தொடரவில்லை. காற்று மட்டும் ஓலையில் அடித்தது. வேழமாடத்தில், பெரியோர் பேசும்போது பொருளற்ற ஒலி எழுப்பலாகாது என்ற விதி உண்டல்லவா. இருபது ஆண்டுகள் அவ்விதியில் வாழ்ந்த நாவாகையால் அடியேன் வாயைத் திறக்கவில்லை. அப்போது விலாவில் ஓர் உதை விழுந்தது. பக்கத்தில் கிடந்த சிறுமி உதைத்தாள். இளவரசியாரின் வயதுதான் இருக்கும். அடியேன் இடுப்பில் தொங்கும் பாக்குப்பையையே அடியேனுக்குப் பெயராக வைத்துவிட்டாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன், அவை மரபுக்குப் பொருந்தாவிடினும் பொறுத்தருள்க:

"ஓய், பாக்குப்பை! உம் சொல்லும். யானை காலத் தூக்கிட்டே நிக்குது, பாவம்."

அடியேன் துணியை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். பந்தலுக்கு வெளியே தெரிந்த வெள்ளை ஒளியில் உப்பளம் தெரியவில்லை. நம் அரண்மனைப் படிக்கட்டுதான் தெரிந்தது. வாதம் அன்று, தவமும் அன்று. குழந்தை அந்தக் கன்றுக்குத் துணை நிற்கிறது.

உம் என்றேன். கன்று காலை வைத்தது. பிள்ளைகள் பெருமூச்சு விட்டார்கள். பந்தலில் யாரும் அதற்குமேல் அடியேனைப் பொருட்படுத்தவில்லை.

அன்று மாலை, அரண்மனை எழுத்தர் திரைக்குப் பின்னிருந்து எழுதிய தேவியாரின் கதைச் சுவடியை அவிழ்த்தேன். இரு மடத்தாரும் உரை செய்தது இந்தச் சுவடிக்குத்தான். அடியேனும் வழியில் நான்கு முறை படித்தேன். முதல் ஏட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: ஒவ்வொரு படியின் முடிவிலும் இளவரசியார் பொருளற்ற ஒலி ஒன்று எழுப்பினார், அது கதையில் சேராததால் விடப்பட்டது. கடைசி ஏட்டின் ஓரத்திலும் ஒன்று உண்டு. முப்பத்தொன்றாம் படி முடிந்ததும் தேவியார் நெடுநேரம் காத்திருந்தார். அன்று இளவரசியார் ஒலி எதுவும் எழுப்பவில்லை. தேவியார் இளைப்பாறச் சென்றார். எழுத்தர் மேல் குற்றம் இல்லை. பதரைப் புடைத்து நெல்லைத் தருவதுதான் அவர் வேலை. எது பதர் என்பதில் மட்டும் தவறிவிட்டார். எழுநூறும் தொள்ளாயிரமும் ஆகிய செய்யுட்கள், அவர் விட்ட அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொருள் கூறின.

சுவடியை எடுத்துக்கொண்டு செம்பாயியிடம் போய் அந்த இரண்டு குறிப்புகளையும் படித்துக் காட்டினேன். அவள் உப்பு வாருவதை நிறுத்தினாள். பிறகு கூறியதையும் அப்படியே எழுதுகிறேன்:

"அலரு செத்தது சேதியா வந்துச்சுங்க. எந்தப் படியில நிறுத்திட்டுப் போனான்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல. இங்க யாரு செத்தாலும் நாங்க அதத்தான் மொதல்ல கேப்போம்."

பிள்ளைகள் கோபத்தில் உம் சொல்லாமல் இருப்பது எங்கும் உள்ளதுதானே, அதற்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"மறுநாளு சொல்லிரும். இதுக்கு மறுநாளு இல்லாமப் போச்சு."

தேவரீரே, இளவரசியார் ஏங்குவது முடிவுக்காக அன்று. தாம் உம் சொல்லாததால் கன்று நின்றது, கன்று நின்றதால் அன்னை நின்றார் என்று அந்தக் குழந்தை நம்புகிறது. நான்கு திங்களாக அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் நாம் அதைப் பொருளற்ற ஒலி என்றே எழுதியிருப்போம்.

குழந்தை அன்று ஏன் சொல்லவில்லை என்பதும் அடியேனுக்குத் தெரியும். இதுவரை திருமுன்பு கூறத் துணியாததை, நூறு காதத் தொலைவில் இருக்கும் துணிவில் எழுதுகிறேன். அன்று நண்பகலில் தேவரீர் தேவியார் அறைக்குப் புறப்பட்டீர். அடியேன்தான் முன்மண்டபத்தில் மறித்து, குதிரைச் சுங்கம் பற்றி அரை நாழிகை கேட்டேன். செவிலி வந்து அடியேன் காதோடு, தந்தையார் வந்து சேர்ந்து சொன்னால்தான் தாமும் உம் சொல்வதாக இளவரசியார் அடம்பிடிக்கிறார், அரசரை விரைவில் அனுப்பும் என்று மன்றாடினாள். உம் என்றால் என்ன என்று கேட்டேன். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை விளையாட்டு என்று கையசைத்து அனுப்பிவிட்டேன். அரை நாழிகை இரண்டு நாழிகை ஆயிற்று. குதிரைக்கு இரண்டு பொன் கூடுதலாக விதித்தோம். அதன்பின் தேவரீர் அறைக்குச் சென்றபோது தேவியார் உறங்கிவிட்டார்.

அந்தச் சுங்கத்தால் கருவூலத்துக்கு நல்ல வரவு. அதை எண்ணி அடியேன் ஒரு முறை மகிழ்ந்ததும் உண்டு.

இனி, முடிவு. செம்பாயி அதைக் காசு வாங்காமல் சொல்லிவிட்டாள். மறைத்து வைக்க அதில் ஒன்றும் இல்லை, இங்கே எல்லாருக்கும் தெரியும் என்றாள். நாற்பதாம் படியில் ஒரு கதவு. உள்ளே கண் தெரியாத ஒரு கிழநண்டு. கன்று தன் நிழலைக் கேட்கிறது. நீ அதை எப்போது தொலைத்தாய் என்கிறது நண்டு. நண்பகலில் என்கிறது கன்று. நண்பகலில் நிழல் எங்கும் போகாது, வெயில் தாங்காமல் உன் வயிற்றுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும், குனிந்து பார்த்தாயா என்கிறது நண்டு. கன்று குனிந்து பார்க்கிறது. பிறகு ஏறி வருகிறது. கொடுத்ததையெல்லாம் வழிமறித்த நண்டுகள் படிப்படியாகத் திருப்பித் தருகின்றன. முதற்படியில் காலடி ஓசை திரும்பக் கிடைக்கிறது. மேலே தாய் யானை அந்த ஓசையைக் கேட்டுக் காதை நிமிர்த்துகிறது. அவ்வளவே.

இம்முடிவு இரு மடத்தாருக்கும் உதவாது. நிழல் ஒழியவில்லை, ஆகவே ஒளிநெறியார் வருந்துவார். கதவுக்கு அப்பால் ஒருவர் இருக்கிறார். ஆகவே வெளிநெறியார் வருந்துவார். ஒரு திங்கள் கழித்து இருவரும் புதிய உரையோடு வருவார்கள் என்பதிலும் ஐயம் இல்லை. அடியேன் அவர்களை இகழவில்லை. பிள்ளைக் கதையில் இறையும் உயிரும் இல்லை என்று சொல்லும் அறிவு எனக்குக் கிடையாது. இருக்கின்றன என்றே இப்போது எண்ணுகிறேன். ஆனால் அவர்கள் தேடியது யானைக்குள்ளும் நிழலுக்குள்ளும். தேங்காய் வாங்குபவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதைப் போல. அடுத்த படி உண்டா இல்லையா என்று கன்றுக்குத் தெரியாது. கண்ணை மூடிக் கிடக்கும் குழந்தைக்கும் தெரியாது. வைக்கலாமா என்று ஒரு குரல் கேட்கிறது. குழந்தை உம் என்கிறது. பிறகு அங்கே படி இருக்கிறது. இதற்குமேல் ஒரு சமயம் எதைக் கற்றுத்தரும் என்று அடியேனுக்குத் தெரியவில்லை. இதற்குக் குறைவாகக் கற்றுத்தரும் பலவற்றுக்குச் சுங்கவிலக்கு அளித்திருக்கிறேன்.

சொல்பவர் இடையில் மறைந்தால் என்ன செய்வது என்பதற்கும் இவர்களிடம் முறை உண்டு. சொல்பவர் இருந்த இடத்தில் வெறும் பாயை விரிப்பார்கள். பாக்கி வைத்தவர் அதன்முன் அமர்ந்து, கண்ணை மூடி, சொல்லாமல் விட்ட உம்மைச் சொல்வார். பாயில் ஆள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆயினும் சொல்வார்கள். பிறகு, அதுவரை கேட்டவரே அடுத்த படியிலிருந்து சொல்லத் தொடங்குவார். உம் சொல்ல வேறு ஒருவர் வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலில் போன என் மனைவி மருதியைத் தேவரீர் ஒரே ஒரு முறை கண்டிருப்பீர். அடியேன் உண்ணும்போது அவள் பேசிக்கொண்டே இருப்பாள்; பக்கத்து வீட்டுக் கறவை, தண்ணீர்த் துறையில் கேட்டது, கனவில் கண்டது. அடியேன் கையால் பிசைந்துகொண்டே மனத்தால் சரக்கைக் கூட்டிக்கொண்டிருப்பேன். கேட்கிறீரா என்பாள். தலையசைப்பேன். அவளும் நானும் இருந்த பதினாறு ஆண்டுகளில் அவள் சொன்னது ஒன்றேனும் முழுதாக நினைவில் இல்லை. முந்தாநாள், பந்தலுக்கு யாரும் வருமுன், ஒரு பாயை விரித்து முன்னால் உட்கார்ந்தேன். எத்தனை உம் சொன்னேன் என்று எண்ணவில்லை. அடியேன் வாழ்வில் எண்ணாமல் கொடுத்தது அது ஒன்றே. பாயிலிருந்து மறுமொழி வந்ததா என்று தேவரீர் கேட்பீராயின், வரவில்லை. காற்று ஓலையில் அடித்தது. ஆயினும் எழுந்து நடந்தபோது, உச்சிவெயிலில், என் நிழல் எங்கே என்று குனிந்து பார்க்கத் தோன்றிற்று.

செம்பாயியை வேழமாடத்துக்கு அழைத்தேன். மழைக்கு முன் உப்பை வாரி முடிக்க வேண்டும் என்று மறுத்துவிட்டாள். தேவியார் சிறுமியாகப் படுத்துக் கதை கேட்ட கோரைப்பாய் ஒன்று அவளிடம் இருந்தது, ஓரம் நைந்தது. அதற்கு மட்டும் விலை சொன்னாள்: அடியேனின் குடை. பேரம் பேசாமல் கொடுத்தேன். இதில்தான் தேவரீரின் ஆணையைச் சரியாக நிறைவேற்றியிருக்கிறேன்.

இனி வருவது ஆணை. புறப்படும்போது தேவரீர் தம் முத்திரை மோதிரத்தை அடியேன் விரலில் இட்டு, இம்முத்திரை இட்ட ஓலையைக் காண்பவர் எந்நிலையினராயினும் மறுசொல் இன்றிப் பணிக என்று அவையறியக் கூறினீர். ஒப்பந்தங்களில் விட்டுப்போனதைத் தேடிப் பிழைத்த குடியில் வந்தவன் அடியேன். அந்த வாக்கில் அரசரை நீக்கி என்ற சொல் இல்லை. அவையில் இருநூறு பேர் சான்று.

ஆகவே, செங்கடம்ப நாட்டு முத்திரை, செங்கடம்ப நாட்டு அரசருக்கு இடும் ஆணை யாதெனில்: இவ்வோலையோடு வரும் பாயை, கிடைத்த அன்றே நண்பகலில், தேவியார் அறையில், அவர் அமர்ந்து கதை சொன்ன இடத்தில் விரித்திடுக. சாளரங்களை அடைத்திடுக. மருத்துவர், மடத்தார், எழுத்தர், சுங்கத்தார் ஒருவரும் அருகில் வரலாகாது. மகளைப் படிக்கட்டிலிருந்து வலிந்து இறக்க முயல வேண்டா. அவர் பக்கத்தில் நின்று, அரசராகிய தாமும் ஒரு காலைத் தூக்கிடுக. அவர் பார்ப்பார். அதன்பின் இருவருமாகப் பாயின்முன் சென்று, கண்ணை மூடி, முதலில் தாம் உம் என்று சொல்லிடுக, உரக்க, குதிரைச் சுங்கம் விதித்த அதே குரலில். தாம் வந்து சேர்ந்து சொன்னால்தான் சொல்வதாக இளவரசியார் கூறியது இன்னும் நிற்கிறது. அவர் அன்று சொல்லாவிட்டால் மறுநாளும், அதற்கு மறுநாளும் அவ்வாறே செய்திடுக. மறுநாள் உண்டு என்பதைக் குழந்தை அறியட்டும். அவர் சொன்ன பிறகு, முப்பத்திரண்டாம் படியை அவரையே சொல்லவிட்டு, தாம் கண்ணை மூடிக் கேட்டிடுக. அடியேன் மேலே எழுதிய முடிவை வாசித்துக் காட்டலாகாது. அவருடைய கன்று வேறு வழியில் போனாலும் திருத்தலாகாது. வைக்கலாமா என்று அவர் கேட்கும்போது மட்டும் தவறலாகாது. இவ்வளவே ஆணை.

அரசரையே பணித்த குற்றத்துக்கு எத்தண்டனையையும் அடியேன் ஏற்கிறேன். உடனே வந்து ஏற்க இயலாமைக்கு மட்டும் பொறுத்தருள்க. இங்கே பதினெட்டாம் படியில் இருக்கிறோம். இடையில் எழுந்து போனால் கன்று நின்றுவிடும் என்று அந்தச் சிறுமி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்; அவளிடம் முத்திரை செல்லாது. நாற்பதும் முடிந்தபின் பொன்னோடும் கழுதையோடும் வந்து சேர்வேன். கேட்டு வா என்று அனுப்பப்பட்டவன், முதன்முறையாக, முழுவதும் கேட்டுவிட்டு வருகிறேன்.

தேவரீர் ஆட்சியாண்டு பதினொன்றாவதில், கோடைத் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள், உவர்முனை ஓலைப் பந்தலில், உப்பும் வெயிலும் சான்றாக, அடியேன் கைப்பட எழுதி முத்திரையிட்டேன். எழுதியவன் சொல் பிழைத்தாலும் இட்ட முத்திரை பிழையாதிருக்க. வாணிகன் மகனாகையால், கணக்கு எழுதாமல் ஓலையை மடிக்கக் கை வரவில்லை.

கொண்டுவந்த பொன், பன்னிரண்டாயிரம் கழஞ்சு. செலவு இல்லை.
குடை ஒன்று கொடுத்து, பாய் ஒன்று பெற்றது. நேர்.
தேவியார் சொல்லிய படி, முப்பத்தொன்று.
இளவரசியார் சொல்லிய உம், முப்பது.
பாக்கி, ஒன்று. தேவரீர் பெயரில் எழுதியிருக்கிறது.